பதினெட்டாவது மணி நேரம்

காலை எட்டு நாற்பது. மேஜையில் மூடி போட்ட பதினேழு வட்டத் தட்டுகள். அவற்றின் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றவரின் பெயர் திரவியம்.

அவரே ஒரு டாக்டர். ஆலங்குளத்தில் பன்னிரண்டு படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி வைத்திருப்பவர். வயது அறுபத்தொன்று. பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக் கூடத்துக்கு மூன்று வாரம் மாணவராக இருக்க அனுமதி வாங்கி வந்திருந்தார். பாடம் சொல்ல வேண்டியவர் டாக்டர் ஹசீனா. வயது முப்பத்தெட்டு. 2023 ஜூன் 12, திங்கட்கிழமை.

"என்ன படிக்கணும் சார்?" என்று ஹசீனா கேட்டார்.

"ரிப்போர்ட் படிக்கணும்."

"முப்பத்தஞ்சு வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். படிக்கத் தெரியல."

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த டெக்னீஷியன் ஜெபராணி வாய்விட்டுச் சிரித்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். யாருக்கும் பயப்படாதவர்.

"நம்ம டாக்டர்மாருக்கும் இதே சீக்குதான் மேடம். இவரு ஒருத்தருதான் வெளிய சொல்லுதாரு."

ரிப்போர்ட் என்று அவர்கள் சொன்னது ஒரு பக்கத் தாள். நோயாளியின் ரத்தத்திலோ சிறுநீரிலோ இருக்கும் கிருமியை வட்டத் தட்டில் வளர்த்து, அதன் மேல் பல மருந்துகளை வைத்துப் பார்ப்பார்கள். கிருமி அடங்கினால் அந்த மருந்துக்கு நேரே எஸ் என்று போடுவார்கள். அடங்காவிட்டால் ஆர். பக்கத்தில் ஒரு எண் இருக்கும். கிருமியை அடக்க எவ்வளவு மருந்து தேவைப்பட்டது என்ற அளவு அது.

திரவியத்தின் பையில் அப்படி ஒரு தாள் இருந்தது. 2015 ஆகஸ்ட் மாதத்துத் தாள். அவர் மனைவி காந்திமதியின் ரத்தப் பரிசோதனை. செஃப்ட்ரியாக்சோன் என்ற மருந்துக்கு நேரே எஸ் என்று இருந்தது. அந்த மருந்தைத்தான் அவர் போட்டார். ஒன்பதாம் நாள் காந்திமதி இறந்துபோனார்.

எஸ் என்று இருந்ததே, பிறகு ஏன் போனாள்?

இந்தக் கேள்வியை அவர் எட்டு வருடமாக யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்காகத்தான் வந்திருந்தார். வாய் திறக்க எப்படியும் மூன்றாவது வாரம் ஆகிவிடும் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்துக்கொண்டார்.

ஹசீனா ஒரு பழைய ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். நோயாளியின் பெயர் மறைத்திருந்தது.

"இதுல எந்த மருந்து போடுவீங்க?"

திரவியம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். ஆறு மருந்துகளுக்கு எஸ்.

"இதுக்கு நேரா பாயிண்ட் டூ ஃபைவ்னு இருக்கு. மத்ததெல்லாம் ரெண்டு, நாலு, எட்டு. சின்ன நம்பர் இருக்கிற மருந்துக்குத்தான் கிருமி சீக்கிரம் சாகும். இதைத்தான் போடுவேன்."

ஹசீனா மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"உங்க செருப்பு என்ன சைஸ் சார்?"

"ஒம்பது."

"ஜெபராணிக்கா, உங்க வளையல்?"

"ரெண்டே முக்கால். அதுவும் சோப்பு போட்டாத்தான் ஏறும். எதுக்கு மேடம் கேக்குதீய, வாங்கித் தரப் போறீயளா?"

"ரெண்டே முக்கால் சின்னது, ஒம்பது பெரிசு" என்றார் ஹசீனா. "அப்போ சாருக்கு வளையலை மாட்டி விடுவோமா?"

ஜெபராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காலுல மாட்டணுமா, கையிலயா மேடம்?"

ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் தனி. ஒன்றின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு வைத்துப் பார்க்கக் கூடாது. திரவியத்துக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்த தாளில் செஃப்ட்ரியாக்சோனுக்கு நேரே இருந்ததும் பாயிண்ட் டூ ஃபைவ்தான். அந்தத் தாளிலேயே சிறிய எண் அது. அதனால்தான் அதை எடுத்தார்.

அவர் சிரிக்காததை ஹசீனா கவனித்தார். கேட்கவில்லை.

நான்காம் நாள் வார்டிலிருந்து போன் வந்தது. எலும்பு வார்டு டாக்டர். ஹசீனா எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், யூரின் கல்ச்சர்ல கிருமி வளந்திருக்குன்னு ரிப்போர்ட் அனுப்பியிருக்கீங்க. நாலு மருந்துக்கு எஸ். எது பெஸ்ட்?"

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"எரிச்சல்? வலி? குளிர் நடுக்கம்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். நல்லா சாப்பிடுறார். கால் கட்டு பிரிச்சதும் வீட்டுக்குப் போகணும்னு சண்டை போடுறார்."

"அப்போ எதுக்கு டெஸ்ட் அனுப்பினீங்க?"

"சும்மா, ரொட்டீனா..."

"ஆளு நல்லா இருக்காரு. தாளுக்குத்தான் காய்ச்சல். தாளுக்கு மருந்து போடாதீங்க." போனை வைத்துவிட்டார்.

"தெனமும் ஒருத்தராவது இப்படி" என்று ஜெபராணி திரவியத்திடம் சொன்னார். "எஸ்னு பாத்துட்டா போதும், டாக்டர்மாருக்குக் கை சும்மா இருக்காது."

திரவியம் தலையாட்டினார். அன்று சாயங்காலம் ஆலங்குளம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டுக்காரர், பணம் இருக்கிறது போல என்று நினைத்து, இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது வாரம் வரை தாங்கவில்லை. இரண்டாவது வாரத் திங்கட்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து ஹசீனா கை கழுவிவிட்டு வந்ததும், திரவியம் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். மடிப்பு விழுந்த இடங்களில் செலோடேப் ஒட்டியிருந்தது.

ஹசீனா பெயரைப் படித்தார். வயது ஐம்பது. தேதி. டாக்டர் பெயர் இருக்கும் இடத்தில் திரவியம்.

"யாரு சார்?"

"என் வீட்டுக்காரி."

"நீங்களே பாத்தீங்களா?"

"தென்காசிக்கோ இங்கேயோ கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. நான் கேக்கல. என் கையாலேயே பாக்கணும்னு நெனச்சேன். அவளும், உங்க ஆஸ்பத்திரியே போதும்னுட்டா."

ஹசீனா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க."

திரவியம் சொன்னார். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். ரத்தத்தை வேறொரு லேபுக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வந்த அன்றே செஃப்ட்ரியாக்சோன் ஊசி. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள்...

அவர் நிறுத்தினார். இதுவரை ஒரு கேஸ் சொல்கிற டாக்டராகத்தான் பேசிக்கொண்டிருந்தார். இப்போது குரல் மாறிவிட்டது.

"நாலாம் நாள் எந்திரிச்சு உக்காந்துட்டா. தலையச் சீவி விடச் சொன்னா, நர்ஸ் சீவி விட்டுச்சு. ரெண்டு இட்லி சாப்பிட்டா. 'என்னங்க, குத்தாலத்துல இன்னும் தண்ணி விழுதாமே, சாரல் முடியுறதுக்குள்ள ஒருநாள் போயிட்டு வந்துருவோம்'னா. எனக்கு ஓ.பி.ல கூட்டம். சரி சரின்னுட்டு கீழ எறங்கிட்டேன்."

"அப்புறம்?"

"ஆறாம் நாள் திரும்பக் காய்ச்சல். திரும்ப ரத்தம் எடுத்து அனுப்பினேன். அது பாட்டுக்கு வரட்டும்னு அதே மருந்து, டோஸைக் கூட்டினேன். எஸ்னு இருக்கே, எஸ்னு இருக்கேன்னு... எட்டாம் நாள் பிரஷர் எறங்கிருச்சு. ஒம்பதாம் நாள் போயிட்டா. ரெண்டாவது ரிப்போர்ட் மறுநாள் வந்தது. அதே கிருமி. அதே மருந்து. ஆர்."

ஜெபராணி கையில் எடுத்த தட்டைக் கீழே வைக்காமல் நின்றார்.

"அன்னைக்கு எஸ்னு போட்டது பொய்யா மேடம்? அதத்தான் கேக்க வந்தேன். படிக்க வரல."

ஹசீனா தாளைத் திரும்பப் படித்தார். மேலிருந்து கீழே, மெதுவாக. பிறகு எழுந்து குளிர்பெட்டியைத் திறந்து, சேமித்து வைத்திருந்த சிறு குப்பிகளில் ஒன்றை எடுத்தார்.

"இதுவும் அதே ஜாதிக் கிருமி. போன மாசம் வேற ஒருத்தர் ரத்தத்துல வளந்தது. கை கழுவிட்டு வாங்க சார்."

புதிய தட்டு ஒன்றில் கிருமியைப் பரப்பச் சொன்னார். பஞ்சு சுற்றிய குச்சியால் திரவியம் பரப்பினார். நடுவில் செஃப்ட்ரியாக்சோன் தோய்ந்த சிறு காகித வில்லையை வைக்கச் சொன்னார். கூடத்தில் அதற்கு டிஸ்க் என்று பெயர். வைத்தார். ஹசீனா மூடியின் மேல் நேரத்தை எழுதினார். பிற்பகல் மூன்று.

"நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்குப் பாப்போம். பதினெட்டு மணி நேரம்."

செவ்வாய்க்கிழமை எட்டேகாலுக்கே திரவியம் வந்துவிட்டார். ஒன்பது அடித்ததும் ஹசீனா, கிருமி வளர வைக்கும் சூட்டுப்பெட்டியிலிருந்து தட்டை எடுத்து, விளக்கின் கீழ் அவர் கையில் கொடுத்தார்.

தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து, அரிசிக் கஞ்சி ஆடை படிந்ததுபோல் வெளுத்திருந்தது. வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு பெரிய வட்டம். அதில் ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த கண்ணாடிபோல் இருந்தது.

"அளந்து சொல்லுங்க."

அவர் ஸ்கேலை வைத்தார். "இருபத்தியெட்டு மில்லிமீட்டர்."

"என்ன போடுவீங்க?"

"எஸ்."

"நானும் அதான் போடுவேன்."

திரவியம் தட்டைக் கீழே வைக்கவில்லை. விளக்கின் கீழேயே பிடித்துக்கொண்டு நின்றார். சுத்தமான வட்டம். கிருமி இல்லை, காய்ச்சல் இல்லை. தலை சீவி, நெற்றியில் பொட்டு வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து அவள் உட்கார்ந்திருந்தாள். கீழே ஓ.பி.யில் டோக்கன் கூப்பிடும் சத்தம். அந்த அறையை விட்டுத் தான் இறங்கிப் போகாமல் இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால், வேறு என்ன சொல்லியிருப்பாள்? குற்றாலத்தில் எந்த அருவிக்கு என்று சொல்லியிருப்பாளா?

படிக்க வேண்டிய நேரம் பதினாறிலிருந்து பதினெட்டு மணி என்பது எந்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் விதி. படித்து எழுதியானதும் தட்டை ஆவியில் அவித்து எறிந்துவிடுவார்கள். ஜெபராணி கழிவு வாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

ஹசீனா வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். தட்டுக்காகக் கையை நீட்டினார்.

"திரும்ப உள்ள வைக்கணும் சார்."

"நேரம்தான் முடிஞ்சிருச்சே."

"ரிப்போர்ட்டுக்கு முடிஞ்சிருச்சு."

திரவியம் கொடுக்கவில்லை. "இதோட நிறுத்திக்கலாமே மேடம்" என்றார். குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. "இப்ப நல்லாத்தானே இருக்கு."

ஹசீனா நீட்டிய கையை எடுக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. ஜெபராணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த மேஜையைத் திரும்பத் துடைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரவியம் தட்டைக் கொடுத்தார். அது சூட்டுப்பெட்டிக்குள் போனது.

புதன்கிழமை அவர் வரவில்லை. காலையில் குளித்து, சட்டை போட்டு, பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பிவிட்டதாக அவர் வீட்டு வேலைக்காரம்மா பிற்பாடு சொன்னார்.

வியாழக்கிழமை வந்தார். "நேத்து உங்கள ஆப்சென்ட் போட்டாச்சு சார்" என்றார் ஜெபராணி. சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ வாங்கிவரப் போய்விட்டார்.

ஹசீனா தட்டை எடுத்து அதே விளக்கின் கீழ் வைத்தார்.

வட்டம் அப்படியே இருந்தது. ஆனால் உள்ளே புள்ளிகள் தெரிந்தன. ரவை சிந்தியதுபோல் வெள்ளையாக, சின்னச் சின்னதாக. சில வில்லைக்கு மிக அருகிலேயே இருந்தன.

"எண்ணுங்க சார்."

"பதினொண்ணு."

"இன்னொரு தடவ."

"பதினொண்ணுதான்." திரவியம் நிமிர்ந்தார். "வெளியேருந்து விழுந்ததா?"

"இல்ல. நீங்க பரப்பும்போதே உள்ள இருந்தது. லட்சக்கணக்குல ஒண்ணு ரெண்டு. இந்த மருந்தை எதிர்க்கிற வித்தை அதுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை நம்ம கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு வளரல. மத்ததெல்லாம் செத்ததும் இதுக்கு எடம் கெடைச்சது."

"அப்போ எஸ்ங்கிறது பொய்."

"செவ்வாய்க்கிழமை காலைல ஒம்பது மணிக்கு அது நெசம்."

"லேப் தப்பு பண்ணலயா?"

"பண்ணல."

"அப்படின்னா நான்தான்."

ஹசீனா தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். மருந்துப் பட்டியலுக்கு மேலே, தடித்த எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். அதில் கிருமியின் பெயர் இருந்தது. என்டரோபாக்டர்.

"இதப் படிச்சீங்களா அன்னைக்கு?"

திரவியம் யோசித்தார். எட்டு வருடத்தில் அந்தத் தாளை அவர் எத்தனை தடவை பிரித்திருப்பார் என்று கணக்கில்லை. கண் எப்போதும் நேராகக் கீழேதான் போகும்.

"எஸ்ஸத்தான் பாத்தேன்."

"இந்தப் பேருள்ள கிருமி செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்கின மாதிரி இருந்துட்டு, மருந்து ஓடும்போதே திமிறிக்கிட்டு வரும். பேரு மேல இருக்கு சார். எல்லாரும் கீழேருந்துதான் படிக்கிறாங்க."

அடி நேராக விழுந்தது. ஹசீனா அதற்கு மேல் மருந்து தடவவில்லை. திரவியமும் முகத்தைத் திருப்பவில்லை. எட்டு வருடத்தில் ஒருவராவது தன்னிடம் நேராகப் பேசிவிட்டதில் அவருக்கு ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது. ஊரில் எல்லோரும், விதி டாக்டர், உங்க கையில என்ன இருக்கு, என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

ஜெபராணி டீயைக் கொண்டுவந்து பக்கத்து அறை மேஜையில் வைத்துவிட்டு, கதவருகிலேயே நின்றார்.

திரவியம் தாளைக் கையில் எடுத்தார். இந்தத் தடவை மேலிருந்து படித்தார். பெயர், வயது, கிருமி. செஃப்ட்ரியாக்சோனுக்கு இரண்டு வரி கீழே இன்னொரு மருந்து இருந்தது.

"மெரோபெனம். இதுக்கும் எஸ் போட்டிருக்கு."

"ஆமா."

"இதை அந்தக் கிருமியால இப்படி ஏமாத்த முடியாதா?"

"பெரும்பாலும் முடியாது."

"அன்னைக்கு என் ஆஸ்பத்திரியிலயே இருந்தது மேடம். அலமாரியில. எட்டு ஊசி. பெரிய மருந்து, அவளுக்கு எதுக்கு, உடம்பு தாங்காதுன்னு எடுக்கல."

ஹசீனா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதைப் போட்டிருந்தா இருந்திருப்பாளா?"

இதைக் கேட்கத்தான் அவர் வந்திருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. எஸ் பொய்யா என்பது சும்மா முதலில் போட்ட கேள்வி. இருந்திருப்பாள் என்று இந்தப் பெண் சொன்னால், குற்றத்தோடு மிச்ச நாளை ஓட்டிவிடலாம். இருந்திருக்க மாட்டாள் என்று சொன்னால், தூங்கலாம். இரண்டில் எதுவானாலும் அந்த நான்காம் நாளுக்குப் பிறகு வரவேண்டியிருந்த ஐந்தாம் நாள், ஏழாம் நாள், இருபதாம் நாள் எல்லாவற்றுக்கும் ஒரு உருவம் கிடைத்துவிடும்.

"சொல்லுங்க மேடம். உங்களுக்குத் தெரியும்."

ஹசீனா எழுந்தார். மேஜையிலிருந்த தட்டை எடுத்து அவர் முன்னால் தள்ளினார். ஒரே ஒரு வில்லை, நடுவில். சுற்றிலும் வெளுத்த வெளி. ஸ்கேலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதுல மெரோபெனத்தோட வட்டம் எவ்வளவுன்னு அளந்து சொல்லுங்க சார்."

திரவியம் தட்டைப் பார்த்தார். பிறகு ஹசீனாவைப் பார்த்தார்.

"இதுல மெரோபெனம் டிஸ்கே வைக்கலயே."

"வேணும்னா இந்த எடத்துல வெச்சிருந்தா முப்பது மில்லிமீட்டர்னு எழுதட்டுமா?"

"எப்படி எழுத முடியும்?"

"டிஸ்க் வைக்காத எடத்துல நான் ஸ்கேல் வைக்கிறதில்ல சார்."

திரவியம் ஸ்கேலைக் கீழே வைத்தார். ஜெபராணி கதவருகிலிருந்து வந்து, தட்டை மூடி, வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். பக்கத்து அறையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

2023 செப்டம்பர் 4, திங்கட்கிழமை, முத்துப்பேச்சி என்ற நாற்பத்தாறு வயது பீடித் தொழிலாளியை டாக்டர் திரவியம் ஆலங்குளத்திலிருந்து ஆம்புலன்சில் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார். ரத்தத்தில் என்டரோபாக்டர். கூட வந்த சீட்டில், செஃப்ட்ரியாக்சோனுக்கு எஸ், கொடுக்கவில்லை, மெரோபெனம் முதல் ஊசி காலை ஆறு மணிக்குப் போட்டாயிற்று, என்று எழுதியிருந்தது. முத்துப்பேச்சி செப்டம்பர் 19-ம் தேதி வீட்டுக்குப் போனார்.